காலியாக இருப்பது இடது இருக்கை

"உலகம் பூரா பைலட் பஞ்சமாமே தம்பி, நம்ம பையனைச் சேத்துவிட்ருவோமா?" விடுமுறைக்குப் போர்ட் பிளேர் வரும்போதெல்லாம் அபர்தீன் பஜாரில் யாராவது ஒரு அண்ணாச்சி கடையிலிருந்து இறங்கிவந்து கேட்கிற கேள்வி இது. 2024-ல் ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியாயிற்று. எங்களுக்கு இன்னும் பழைய பெயர்தான் வாயில் வருகிறது. நான் இந்த ஊரின் ஹேடோவில் பிறந்து வளர்ந்தவன். சென்னையைத் தளமாகக் கொண்டு விமானம் ஓட்டுகிறேன். புதிதாகச் சேரும் கோ-பைலட்டுகளைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பயிற்சி கொடுப்பதும் என் வேலை. ஒரு பிள்ளையின் ஐந்தாறு வருடமும் ஒரு குடும்பத்தின் மொத்தச் சேமிப்பும் போகிற விஷயம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பஞ்சம் உண்மைதான். அடுத்த 20 ஆண்டுகளில் உலகத்துக்கு ஏறக்குறைய 6,60,000 புதிய விமானிகள் வேண்டும் என்று போயிங் நிறுவனம் 2025-ல் கணித்தது. நம் நாட்டில் 2023-ம் ஆண்டில் மட்டும் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும் இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஒப்பந்தம் போட்டன. அதே ஆண்டில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ. வழங்கிய சி.பி.எல். எனப்படும் வணிக விமானி உரிமங்கள் 1,622. இந்த எண்களை அடுக்கிவைத்துப் பார்த்தால், உரிமம் வாங்கியவனை வீட்டு வாசலில் வந்து அழைத்துப் போவார்கள் என்றுதான் தோன்றும். ஆனால் உரிமத்தைக் கையில் வைத்துக்கொண்டு வேலைக்காக ஒரு வருடம், ஒன்றரை வருடம் காத்திருக்கும் பிள்ளைகளை நான் தொடர்ந்து சந்திக்கிறேன்.

விமானி அறையில் இடது இருக்கை கேப்டனுக்கு, வலது இருக்கை கோ-பைலட்டுக்கு. பஞ்சம் அதிகம் இருப்பது இடது இருக்கையில். 200 மணி நேரம் பறந்தவனுக்கு சி.பி.எல். கிடைத்துவிடும். கேப்டனாவதற்கான ஏ.டி.பி.எல். உரிமத்துக்கு 1,500 மணி நேரம் வேண்டும், அதற்கு மேல் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஒரு கணக்கு வைத்திருக்கிறது. ஆண்டுக்கு 1,000 மணி நேரத்துக்கு மேல் பறக்கச் சட்டம் விடாது. நடைமுறையில் அதைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும். எவ்வளவு பணம் கொட்டினாலும் ஒரு கேப்டனை உருவாக்கும் காலத்தைச் சுருக்க முடியாது. இந்தியாவில் விமானிகளின் வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்ந்தது. 2025 நவம்பரில் இரவு நேரப் பணிக்கான கட்டுப்பாடும் இறுகியது. அடுத்த மாதமே ஆள் போதாமல் ஆயிரக்கணக்கான பயணங்கள் ரத்தானதை எல்லோரும் பார்த்தோம். அந்த விதி சரியான விதி என்பதே என் கருத்து. தூக்கம் கெட்டவன் கையில் நூற்றெண்பது உயிரைக் கொடுக்கக் கூடாது.

அமெரிக்கா இன்னும் கடுமையான முடிவை எடுத்தது. 2009 பிப்ரவரியில் பஃபலோ அருகே ஒரு சிறிய பயணிகள் விமானம் விழுந்தபின், 2013 முதல் அங்கே கோ-பைலட்டாக உட்காரவே பொதுவாக 1,500 மணி நேரம் வேண்டும். நம் ஊரில் 200 மணி நேரத்தோடு வருகிறார்கள். அந்த இடைவெளியை நிரப்பும் பொறுப்பு பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எங்களுடையது. வலது இருக்கைக்கு வரும் பிள்ளை, முதல் நாளிலிருந்தே இடது இருக்கைக்குத் தயாராக வேண்டியவன். அவனை அப்படித் தயார்செய்ய சென்னை–போர்ட் பிளேர் தடத்தைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரிந்து இல்லை.

நேவிகேஷன் பாடத்தில் சம நேரப் புள்ளி என்று ஒரு கணக்கு வரும். முன்னே போவதற்கும் திரும்பி வருவதற்கும் ஒரே நேரம் பிடிக்கிற இடம் எது என்று கண்டுபிடிக்கிற கணக்கு. பிள்ளைகள் சூத்திரத்தை உருப்போட்டு மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். நான் சென்னையையும் போர்ட் பிளேரையும் வைத்துப் போடச் சொல்வேன். நடுவில் ஏறத்தாழ 740 நாட்டிக்கல் மைல், முழுக்க வங்கக் கடல். காற்றே இல்லாவிட்டால் புள்ளி நட்ட நடுவில், 370-ல் இருக்கும். ஜூலை மாதத்தை எடுத்துக்கொள்வோம். தரையில் வீசுவது தென்மேற்குக் காற்று. முப்பத்தைந்தாயிரம் அடியில் நிலைமை தலைகீழ். அங்கே கிழக்கிலிருந்து அடிக்கிறது. அந்தக் கீழைக் காற்று 40 நாட், அதாவது மணிக்கு 40 நாட்டிக்கல் மைல் என்று வைத்தால், 450 நாட் வேகத்தில் போகும் விமானத்துக்குப் போகையில் 410, திரும்புகையில் 490. புள்ளி 403-க்கு, அதாவது போர்ட் பிளேர் பக்கமாக நகர்ந்துவிடுகிறது. பாதித் தூரத்தைத் தாண்டிய பிறகும் கொஞ்ச தூரத்துக்குத் திரும்புவதே விரைவு. இதைத் தன் கையால் ஒருமுறை போட்டுப் பார்த்த பிள்ளைக்கு, நடுக்கடலில் ஒரு என்ஜின் கோளாறு என்றால் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று யோசிக்க நேரம் பிடிக்காது.

எங்கள் தீவுப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு இயல்பான பலம் உண்டு. கேரளத்துக்குப் பருவமழை ஜூன் 1 என்றால் எங்களுக்கு மே மூன்றாம் வாரத்திலேயே வந்துவிடும். மேகம் எந்தப் பக்கமிருந்து ஏறினால் கப்பல் ஓடாது என்பது மீன்பிடித் துறையில் வளர்ந்த பையனுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. வானிலைப் பாடத்தை அந்த அனுபவத்தோடு சேர்த்துப் படியுங்கள். டி.ஜி.சி.ஏ. தேர்வுகளில் 70 சதவீதம் எடுத்தால்தான் தேர்ச்சி; பலர் சறுக்குவது நேவிகேஷனிலும் வானிலையிலும்தான்.

அடுத்தது எரிபொருள். கார் நிகோபார், திக்லிபூர் பக்கம் ஷிப்பூர், கேம்பல் பே ஆகிய இடங்களில் ஓடுபாதைகள் இருந்தாலும் அவை படைத்தளங்கள். பயணத் திட்டத்தில் மாற்று நிலையமாக நாங்கள் எழுதுவது சென்னையோ கொல்கத்தாவோ விசாகப்பட்டினமோதான். போர்ட் பிளேர் தலைக்கு மேல் வந்து, இறங்க முடியாமல், மறுபடி கடலைக் கடக்கிற அளவு எண்ணெய் தொட்டியில் இருக்க வேண்டும். ஏ320 விமானம் மணிக்கு இரண்டரை டன் அளவில் எரிக்கும். திரும்புவதற்கென்று சுமக்கும் எண்ணெய் மட்டும் ஐந்து டன் பக்கம் வரும். அதைச் சுமப்பதற்கும் எண்ணெய் செலவாகும். சில நாள் சரக்கைக் குறைக்க வேண்டியிருக்கும்.

இறங்குமிடமோ எளிதானதில்லை. ஓடுபாதை நீளம் 3,290 மீட்டர், நீளத்தில் குறையில்லை. ஆனால் ஒரு முனையில் குன்றுகள். கடல் பக்கமாக வந்து இறங்கி, அதே பக்கமாக ஏறிப் போவதுதான் வழக்கமாக இருந்துவந்திருக்கிறது. தென்மேற்குப் பருவத்தில் அப்படி இறங்கும்போது காற்று முதுகில் அடிக்கும். பின்காற்று வரம்பு பெரும்பாலும் 10 நாட். பன்னிரண்டு அடித்தால் இறங்கக் கூடாது. அவ்வளவுதான், பேரம் கிடையாது. மேலே போய் வட்டமடித்துக் காத்திருக்கலாம், எண்ணெய் மீட்டர் நாம் எழுதிவைத்த எண்ணைத் தொடும்வரை. தொட்டதும் திரும்ப வேண்டும்.

இந்த இடத்தில்தான் ஒரு புதிய கோ-பைலட்டை நான் எடைபோடுகிறேன். பின்னால் தகப்பனின் காரியத்துக்கு வருகிறவர் இருப்பார், சென்னையில் அறுவை சிகிச்சை முடித்து வீடு திரும்புகிறவர் இருப்பார். தீவுக்கு இன்னொரு வழியான கப்பல் இரண்டரை நாளுக்கு மேல் பிடிக்கும். காக்பிட்டில் இருப்பவருக்கு அது தெரியும். இன்னொரு சுற்று பார்க்கலாமே என்று மனம் இழுக்கும். அப்போது வலது பக்கத்திலிருந்து ஒரு குரல் தெளிவாக வரவேண்டும்: "கேப்டன், டைவர்ஷன் ஃப்யூயல்." நம் பிள்ளைகள் பெரியவர்களுக்கு மரியாதை கொடுத்து வளர்ந்தவர்கள். சாரிடம் எப்படிச் சொல்வது என்று வாயைத் திறக்கத் தயங்குவார்கள். அதனால் நான் முதல் பயணத்துக்கு முன்பே சொல்லிவிடுவேன்: "தம்பி, என் வேகம் கூடினாலோ, உயரம் குறைந்தாலோ, எண்ணெய் எண்ணைத் தொட்டாலோ, நீ சொல்லாமல் இருந்தால்தான் எனக்கு அவமரியாதை." பயிற்சிப் பள்ளியில் இருக்கும்போதே இதைப் பழகுங்கள். சின்ன செஸ்னாவில் இன்ஸ்ட்ரக்டர் பக்கத்தில் இருக்கும்போதும் எண்ணை உரக்கச் சொல்லுங்கள். இந்தக் கடல் எப்படிப்பட்டது என்பதையும் மறக்காதீர்கள். 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேர் புறப்பட்ட விமானப்படையின் ஏஎன்-32 விமானம் 29 பேரோடு மறைந்தது. அதன் பாகங்களை 3,400 மீட்டர் ஆழத்தில் கண்டுபிடித்ததாக 2024 ஜனவரியில்தான் அறிவித்தார்கள். அந்தக் கடலின்மேல் அலட்சியமாகப் பறக்க எவருக்கும் உரிமை இல்லை.

இனி, சேர்வதற்கு முன் செய்யவேண்டியவை. பணம் கட்டும் முன் மருத்துவப் பரிசோதனை. இரண்டாம் வகுப்புச் சான்றோடு நிறுத்தாமல் முதல் வகுப்புச் சான்றையும் வாங்கிவிடுங்கள். நிறக்குருடு, காது, இதயம் இவற்றில் ஏதாவது தடை என்றால் அது இருபது லட்சம் கட்டிய பிறகு தெரியக் கூடாது. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், கணிதம் இல்லாதவர்கள் திறந்தநிலைப் பள்ளி வழியாக அவற்றை எழுதித் தேறிய வழி உண்டு. எழுத்துத் தேர்வுகளில் முடிந்தவற்றைப் பறக்கத் தொடங்கும் முன்பே முடியுங்கள். ரேடியோ உரிமத்துக்கான ஆர்.டி.ஆர். தேர்வைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள், நடுக்கடலில் வி.எச்.எஃப். ரேடியோ எட்டாமல் தொலைதூர எச்.எஃப். ரேடியோவின் இரைச்சலுக்குள் பேசவேண்டிவரும்போது அந்தப் பாடத்தின் அருமை தெரியும்.

தீவில் பறக்கும் பயிற்சிப் பள்ளி இல்லை. எங்கள் பிள்ளைகள் கடல் தாண்டித்தான் போகவேண்டும். உத்தரப் பிரதேசத்தின் ஃபுர்சத்கஞ்சில் அரசின் இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உரான் அகாடமி இருக்கிறது. மகாராஷ்டிரத்தின் கோந்தியாவில் ஒன்று. விமான நிலைய ஆணையம் 2022-ல் பயிற்சிப் பள்ளிகளுக்குத் தேர்ந்தெடுத்த இடங்களில் சேலமும் உண்டு. வடக்கே டிசம்பர், ஜனவரியில் மூடுபனியில் நாட்கள் போய்விடும். அதையும் கணக்கில் வையுங்கள். 2025-ல் டி.ஜி.சி.ஏ. முதல்முறையாகப் பள்ளிகளைத் தரவரிசைப்படுத்தியபோது மேல் நிலைகளில் ஒரு பள்ளிகூட வரவில்லை. எனவே விளம்பரத்தை விட்டுவிட்டு நேரில் போய்க் கேளுங்கள். எத்தனை விமானம் இருக்கிறது என்று கேட்காதீர்கள். இன்று காலை எத்தனை பறந்தது என்று கேளுங்கள். இன்ஸ்ட்ரக்டர்கள் எத்தனை பேர், கடந்த ஓராண்டில் எத்தனை பேர் விட்டுப்போனார்கள்? இரண்டு வருடத்துக்கு முன் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் கையில் உரிமம் இருக்கிறது? விடுதிக்குப் போய் மாணவர்களிடமே கேளுங்கள், உண்மை அங்கேதான் கிடைக்கும். மொத்தப் பணத்தையும் கட்டிவிட்டு, விமானம் பழுது, இன்ஸ்ட்ரக்டர் இல்லை என்று வருடக்கணக்கில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். தவணையாகத்தான் கட்டுவேன் என்று உறுதியாக நில்லுங்கள்.

சி.பி.எல். உரிமத்துக்கான அந்த 200 மணி நேரத்தில் 100 மணி நேரம் நீங்களே பொறுப்பு விமானியாகப் பறக்க வேண்டும். 300 நாட்டிக்கல் மைலுக்குக் குறையாத ஒரு பயணம், வழியில் வேறு இரண்டு நிலையங்களில் இறங்கி ஏறுவது, இரவுப் பறத்தல் எல்லாம் அதற்குள் அடங்கும். நல்ல வானிலை பார்த்து, தெரிந்த பாதையிலேயே சுற்றி மணிக்கணக்கை நிரப்பாதீர்கள். பக்கக்காற்று அடிக்கும் நாளில் இன்ஸ்ட்ரக்டரைக் கூட்டிக்கொண்டு போங்கள். விமான நிறுவனத்தின் சிமுலேட்டர் தேர்வில் உட்காரும்போது எப்படிப் பறந்தவன் என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பெண் பிள்ளைகளின் அம்மாக்கள் தயங்கிக் கேட்பதுண்டு. தயங்க வேண்டாம். உலக அளவில் பெண் விமானிகள் ஐந்து சதவீதத்தை ஒட்டி இருக்க, இந்தியாவில் அது பதினைந்தை ஒட்டி இருக்கிறது.

உரிமம் வந்து வேலை வராத காலத்துக்கு நான் சொல்லும் வழி ஒன்றுதான்: இன்ஸ்ட்ரக்டர் ரேட்டிங் எடுங்கள். இடது இருக்கைக்கு அடுத்தபடியாக ஆள் இல்லாத இருக்கை அதுதான். கொஞ்சம் அனுபவம் சேர்ந்ததும் நல்ல இன்ஸ்ட்ரக்டரை விமான நிறுவனம் அழைத்துக்கொள்கிறது; பள்ளியில் பிள்ளைகள் காத்துக் கிடக்கிறார்கள்; ஓராண்டுப் பயிற்சி இரண்டாண்டாக இழுக்கிறது. விதைநெல்லைச் சோறாக்குகிறோம். இன்ஸ்ட்ரக்டருக்குக் கோ-பைலட்டுக்கு நிகரான சம்பளம் கொடுத்தால் இந்தப் பஞ்சத்தில் பாதி தீரும் என்று நம்புகிறேன், கூட்டங்களில் வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் சொல்கிறேன். அதுவரை, இரண்டு வருடம் கற்றுக்கொடுத்துவிட்டு வருகிற பிள்ளையின் கை தனியாகத் தெரியும் என்பதை மட்டும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். இன்னொருவன் தவறப்போகிற கணத்தை முன்கூட்டியே பார்க்கப் பழகியவன் அவன். கேப்டனுக்கு வேண்டியதும் அதுதான்.

பெரிய ஜெட்டை மட்டும் பார்க்காதீர்கள். தீவுகளுக்குள் பவன் ஹான்ஸ் ஹெலிகாப்டர்கள் பறக்கின்றன. 2010 டிசம்பரில் ஜல் ஹன்ஸ் என்ற கடல் விமானம் ஹேவ்லாக்குக்கும் திக்லிபூருக்கும் ஓடத் தொடங்கி, பிறகு நின்றுபோனது. அந்தச் சேவை திரும்ப வரவேண்டும் என்பது என் ஆசை. வந்தால் இந்த மழையையும் நீரோட்டத்தையும் அறிந்த உள்ளூர்ப் பிள்ளைகள் அதை ஓட்டலாம்.

கடன் வாங்கும் அண்ணாச்சிகளுக்குக் கடைசியாக ஒன்று. சி.பி.எல். முடிக்க அரைக் கோடியை ஒட்டி ஆகும். அதோடு செலவு முடியாது. ஏ320 போன்ற விமானத்துக்கான டைப் ரேட்டிங்குக்குத் தனியாகப் பதினைந்து, இருபது லட்சம் எடுத்துவைக்க வேண்டும். கல்விக் கடனில் படிப்பு முடிந்து பொதுவாக ஓராண்டில் தவணை தொடங்கிவிடும், வேலை வந்திருந்தாலும் வராவிட்டாலும். எனவே கையெழுத்துப் போடும் முன், படிப்புக் காலத்தை இரண்டாண்டு என்றே எழுதச் சொல்லிக் கேளுங்கள். ஓராண்டுத் தவணையைத் தனியே ஒதுக்கிவையுங்கள். பையனுக்குப் பத்தொன்பது வயது என்றால், இடது இருக்கைக்கு இருபத்தேழு, இருபத்தெட்டு என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.