டெஸ்ட்டில் 'இல்லை'... பீரியட்ஸும் வரவில்லை!

காலண்டரில் வட்டம் போட்ட தேதி தாண்டிப் பத்து நாள் ஆகிவிட்டது. மெடிக்கல் ஷாப்பில் கார்டு வாங்கிப் பார்த்தால் ஒரே கோடு. 'அப்போ எனக்கு என்னதான் ஆச்சு?' என்று ஆம்பூர் ஷூ கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து மனசுக்குள் மருகுகிறீர்களா? பதற வேண்டாம். ஆனால், அப்படியே விட்டுவிடவும் வேண்டாம்!

முதலில் கார்டையே கொஞ்சம் சந்தேகப்படுங்கள். கரு, கர்ப்பப்பையில் ஒட்டிய பிறகுதான் எச்.சி.ஜி. என்ற ஹார்மோன் சிறுநீரில் தெரியும். இந்த மாதம் முட்டை தாமதமாக வெளிவந்திருந்தால் இதுவும் தாமதமாகும். ஒரு வாரம் கழித்து, காலை முதல் சிறுநீரில் மறுபடி பாருங்கள்.

இதற்கிடையே அடிவயிற்றில் கடும் வலி, மயக்கம், தோள்பட்டை வலி, ரத்தக் கசிவு வந்தால் காத்திருக்கக் கூடாது. கரு, குழாயில் தங்கியிருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்!

மறுபடியும் 'இல்லை'யா? காரணம் இவற்றில் ஒன்றாக இருக்கலாம்.

* கவலை, சரியாகச் சாப்பிடாமை, திடீர் எடை இழப்பு: மூளையிலிருந்து சினைப்பைக்குப் போகும் உத்தரவு தடைபடும். ஷிப்ட் மாறி மாறித் தூக்கம் கெடுவதும் சுழற்சியைக் குழப்பலாம்.

* பி.சி.ஓ.எஸ்.: அடிக்கடி தள்ளிப்போகும். முகத்தில் ரோமம், பரு, எடை கூடுதல் தென்படலாம்.

* தைராய்டு: சோர்வு, முடி உதிர்தல், எடை மாற்றம் சேர்ந்து வரும்.

* புரோலாக்டின்: குழந்தைக்குப் பால் கொடுக்காதபோதும் மார்பில் பால் கசியும். வாந்திக்குத் தரும் டோம்பெரிடோன், சில மனநல மாத்திரைகளாலும் இது கூடும்.

* தாய்ப்பால் கொடுப்பது, 'அந்தரா' கருத்தடை ஊசி, நாற்பதைத் தாண்டிய வயது: இவற்றிலும் நிற்கலாம்.

டாக்டர் கேட்கும் முக்கியமான கேள்வி, "என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்பதுதான். 2019-ல் தாம்சன் ராய்ட்டர்ஸ் பவுண்டேஷன், தமிழ்நாட்டு ஆயத்த ஆடை ஆலைகளில் வேலை செய்யும் பெண்களிடம் விசாரித்தது. மாதவிலக்கு வலிக்குப் பெயரே இல்லாத மாத்திரைகள் வேலையிடத்தில் தரப்பட்டது அப்போது வெளியே வந்தது. எங்கே வேலை செய்தாலும் சரி, பெயர் தெரியாத மாத்திரையை வாயில் போடாதீர்கள். அட்டையைப் பத்திரமாக வைத்து டாக்டரிடம் காட்டுங்கள். 'வரவழைக்கிற மாத்திரை'யையும் நீங்களாக வாங்காதீர்கள்.

வழக்கமாக வருபவருக்கு மூன்று மாதம் வராவிட்டால் கட்டாயம் காட்ட வேண்டும். டி.எஸ்.எச்., புரோலாக்டின் ரத்தப் பரிசோதனைகள், ஸ்கேன்... பெரும்பாலும் இவற்றிலேயே காரணம் பிடிபட்டுவிடும்.

ஆண் டாக்டரிடம் காட்டக் கூடாது என்று பிரசவத்தில் பெண்களைச் சாகவிட்ட காலம் ஒன்று இருந்தது. அதைக் கண்ணால் பார்த்த ஐடா ஸ்கடர் டாக்டருக்குப் படித்து வந்து, 1900-ல் வேலூரில் ஒரே படுக்கையோடு வைத்தியம் ஆரம்பித்தார். அதுதான் இன்றைய சி.எம்.சி. இன்று ஆம்பூர், வாணியம்பாடியிலேயே அரசு மருத்துவமனை இருக்கிறது. இனியும் வெட்கம் எதற்கு, சகோதரி? அடுத்த லீவு நாளில் கிளம்புங்கள்!