எட்டாம் கற்பனையும் கைப்பேசியும்

பெற்றோர்களே! உங்கள் பிள்ளை பொய் சொன்னால் கண்டிக்கிறீர்கள். பிறர் கட்டிய பொய்யை அவன் ஒரு நொடியில் நூறு பேருக்கு அனுப்பினால் கண்டிக்கிறீர்களா? இரண்டும் எட்டாம் கற்பனைக்கு உட்பட்டவையே. பொய்ச்சாட்சி என்பது நீதிமன்றக் கூண்டில் மட்டும் நடப்பதன்று. தான் அறியாததை அறிந்ததுபோல் பரப்புகிறவனும் அயலானுக்கு விரோதமாய்ச் சாட்சி சொல்லுகிறான்.

இதன் விளைவைக் காணத் தூரதேசம் போக வேண்டியதில்லை. 2018-ஆம் ஆண்டு மே மாதம், பிள்ளை பிடிக்கும் வடநாட்டுக் கும்பல் ஊருக்குள் நுழைந்துவிட்டதாக வாட்ஸ்அப்பில் ஒரு வதந்தி பரவியது. நமக்கு அடுத்த திருவண்ணாமலை மாவட்டத்தில், போளூர் அருகே அத்திமூர் என்னும் ஊர். குலதெய்வக் கோயிலுக்குச் செல்லச் சென்னையிலிருந்து காரில் வந்த ஒரு குடும்பத்தார் அங்கே வழி கேட்டு நின்றார்கள். அவர்களில் ஒரு மூதாட்டி சிறுவர்களுக்கு மிட்டாய் கொடுத்தார். அவ்வளவுதான்! பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று கூட்டம் திரண்டு அடித்தது. மூதாட்டி இறந்தார்; உடன் வந்தவர்கள் காயமடைந்தார்கள். அதே மாதத்தில் பழவேற்காட்டிலும் இதே சந்தேகத்தினால் ஒரு மனிதர் அடித்துக் கொல்லப்பட்டார். அந்தச் செய்தியை அனுப்பியவர்களில் எத்தனையோ பேர், நம் பிள்ளைகளைக் காக்கிறோம் என்றே எண்ணியிருப்பார்கள். நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதை இதனால் அறிகிறோம்.

2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகச் சில படக்காட்சிகள் பரவின. அவை வேறு காரணங்களால் நடந்த அடிதடிகள். ஆயினும் உழைத்துப் பிழைக்க வந்த ஏழைகள் அஞ்சினார்கள்; பீகார் அரசு ஒரு குழுவையே இங்கு அனுப்பிற்று. படம் மெய், அதற்குச் சொன்ன விளக்கம் பொய்.

காலஞ்சென்ற பாப்பரசர் பிரான்சிஸ், 2018-ஆம் ஆண்டு சமூகத் தொடர்பு தினத்துக்கான செய்தியில் இந்தப் பொய்ச் செய்தியைப் பற்றியே எழுதினார். ஆதியில் ஏவாளை ஏமாற்றிய சர்ப்பத்தை அதில் நினைவூட்டினார். சர்வேசுரன் விலக்கியது ஒரு மரத்தின் கனியை. எல்லா மரங்களையும் விலக்கியதுபோல் சர்ப்பம் பேச்சைத் தொடங்கிற்று. சிறிது மெய்யோடு கலந்த பொய்யே எளிதில் உள்ளே நுழையும்.

இதற்கு மருந்து வேதாகமத்திலேயே இருக்கிறது. கற்புள்ள சூசன்னாமேல் இரண்டு முதியோர் பழி சுமத்தினார்கள். சபை முழுவதும் நம்பிற்று. மரணத் தீர்ப்பும் ஆயிற்று. அப்போது தானியேல் என்னும் இளைஞன் எழுந்து, அவ்விருவரையும் தனித்தனியே நிறுத்தி, எந்த மரத்தின் கீழே கண்டீர் என்று கேட்டான். ஆளுக்கொரு மரத்தைச் சொன்னார்கள். ஒரே கேள்வியினால் ஓர் உயிர் பிழைத்தது. உங்கள் பிள்ளைகளையும் இப்படியே கேட்கப் பழக்குங்கள்:

1. யார் சொன்னது? பெயரும் தேதியும் ஊரும் உண்டா? இரட்டை அம்புக்குறியோடு வருவது பல கை மாறி வந்தது. முதலில் சொன்னவர் யாரென்று தெரியாது.

2. வேறு யார் சொல்லுகிறார்கள்? ஒரே செய்தி பத்துக் குழுக்களில் வந்தால் பத்துச் சாட்சிகள் ஆகா. தனித்தனியே விசாரித்து எழுதும் இரண்டு பத்திரிகைகளைப் பாருங்கள். அரசின் தகவல் சரிபார்ப்பகத்தையும் பாருங்கள்.

3. படம் எங்கே, எப்போது எடுத்தது? கூகுள் லென்ஸில் இட்டால், பழைய படமா என்பது பெரும்பாலும் தெரியவரும்.

4. படித்தவுடன் அச்சமோ கோபமோ பொங்குகிறதா? அப்படியானால் உடனே அனுப்பாமல் பொறுத்திருங்கள்.

2024 நவம்பர் 30-ஆம் நாள் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது விழுப்புரம் மாவட்டம் பட்ட பாட்டை நாம் அறிவோம். அப்படிப்பட்ட இரவில் ஏரி உடைந்தது என்று ஒரு பொய் வந்தால், கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் பத்திரமான வீட்டைவிட்டு வெள்ளத்தில் இறங்கிவிடும். மெய்யாகவே உடையும்போது, முன்பு ஏமாந்தவர்கள் நகராமல் இருந்துவிடுவார்கள். ஆகையால் 1077 என்னும் மாவட்டப் பேரிடர் எண்ணை வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள்.

பெரியோருக்கும் ஒரு வார்த்தை. குடும்பக் குழுவில் பெரியப்பா அனுப்பியது தவறென்று பிள்ளை சொன்னால், வாயாடி என்று அடக்காதீர்கள். முதியோர் சொல்லை ஆராயத் துணிந்த தானியேலும் இளைஞனே. ஆனால் பிள்ளை அதைச் சபையில் அவமதிப்பாய்ச் சொல்லாமல், தனியே மரியாதையாய்ச் சொல்லட்டும்.

கடைசியாக, பிறர் பெயரைக் கெடுத்தவன் பாவசங்கீர்த்தனம் செய்தால் மட்டும் போதாது. கெடுத்த பெயரைச் சீர்ப்படுத்தவும் கடமைப்பட்டவன் என்று திருச்சபை போதிக்கிறது. தவறான செய்தியை அழித்துவிட்டுச் சும்மா இருப்பது நியாயமன்று. யார் யாருக்கு அனுப்பினோமோ அவர்கள் எல்லாருக்கும், அது பொய் என்று எழுதவேண்டும்.

வீட்டில் கேட்க: (1) படம் மெய்யாயிருந்தும் செய்தி பொய்யாவது எப்படி? (2) தானியேல் இருவரையும் ஏன் தனித்தனியே விசாரித்தான்? (3) இந்த வாரம் நாம் அனுப்பிய செய்திகளில் விசாரிக்காமல் அனுப்பியது எது?

தீர்மானம்: விசாரியாமல் எதையும் பிறருக்கு அனுப்ப மாட்டேன்.