பட்டி மாடுகளுக்குப் பதிவேடு

பெரும்போக விதைப்புத் தொடங்கியதும் படுவான்கரை மாடுகளை மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சற்றரைகளுக்குச் சாய்த்துச் செல்வது வழக்கம். பல பட்டிகள் அங்கே கலக்கும். மாட்டை அடையாளங் காணக் குறிசுட்ட தழும்பே போதுமென்பர் கமக்காரர். தழும்பு உடையவரைக் காட்டும். மாட்டின் வயதையோ, தடுப்பூசி போட்ட நாளையோ காட்டாது.

ஆகவே ஒவ்வொரு மாட்டுக்கும் ஓர் இலக்கம் இடுக. கொப்பியிலாயினும் கணினியிலாயினும் ஒரு மாட்டுக்கு ஒரு பக்கமே இருத்தல் வேண்டும். நிறம், சுழி, கொம்பு, குறி, பிறந்த நாள், தாயின் இலக்கம் ஆகியவற்றை அதில் எழுதுக. காதிலக்கம் கழன்று விழுந்த மாட்டைப் புதுமாடாகப் பதிதல் பெருந்தவறு. நானே ஒருமுறை அவ்வாறு பதிந்தேன். ஒரு பக்கத்தில் ஊசி போட்டாயிற்று, மறுபக்கத்தில் இல்லை. இல்லாத பசுவைத் தேடி ஒரு பகல் முழுதும் அலைந்தோம். பழைய பக்கத்தைக் கண்டுபிடித்துப் புதிய காதிலக்கத்தை அதிலேயே சேர்க்க. இறந்த அல்லது விற்ற மாட்டின் பக்கத்தை அழித்தலாகாது. நாளையும் காரணத்தையும் எழுதி மூடுக. அவ்விலக்கத்தை வேறு கன்றுக்குக் கொடுத்தலும் கூடாது.

சினைப்பட்ட நாளைத் தவறாது குறிக்க. பசு ஏறக்குறைய 280 நாளிலும், எருமை 310 நாளளவிலும் ஈனும். ஜனவரி 5இல் சினைப்பட்ட பசு ஒக்டோபர் 12 அளவில் ஈனும். அதுவோ பட்டி சாய்க்கும் காலம். நாள் தெரிந்தால் அப்பசுவைத் தூரத்துக்கு அனுப்பாது வீட்டருகே நிறுத்தலாம்.

கட்டாக்காலியெனப் பிரதேச சபை பிடித்தடைத்த மாட்டை மீட்கச் செல்லும்போதும் அம்மாட்டின் பக்கத்தை உடன் கொண்டு செல்க.