ஒட்டகச்சிவிங்கிக்கு ஒரு புல்வெளி வேண்டும்

கேள்வி: நாங்கள் திருவனந்தபுரம் கரமனையில் வசிக்கும் தமிழ்க் குடும்பம். வீட்டில் தமிழ், மகன் போகும் மழலையர் பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும். நான்கு வயதாகிறது. ஆப்பிரிக்க விலங்குகள் என்றால் அவனுக்கு உயிர். சிங்கம், வரிக்குதிரை, ஒட்டகச்சிவிங்கி என்று படப் புத்தகங்கள் வீட்டில் குவிந்துவிட்டன. எல்லாமே ஆங்கிலம். "நம்ம ஊர் மிருகமே முழுசாத் தெரியாத பிள்ளைக்கு ஆப்பிரிக்கா எதுக்கு?" என்கிறார் மாமியார். சிங்கம் வரிக்குதிரையைப் பிடிக்கும் பக்கம் வந்தால் பையன் முகம் வாடிவிடுகிறது. அதைச் சேர்த்துப் புரட்டிவிடுகிறேன். இது சரியா? நல்ல புத்தகத்தை எப்படித் தெரிந்துகொள்வது?
– ஒரு வாசகி, கரமனை

பதில்: உங்கள் மாமியாரின் கேள்வி நியாயமானது. ஆனால் ஆப்பிரிக்கப் புல்வெளி நாம் நினைக்கும் அளவுக்கு அந்நியமானது அல்ல. ஆப்பிரிக்காவுக்கு வெளியே காட்டுச் சிங்கம் வாழும் ஒரே நாடு இந்தியா. குஜராத்தின் கிர் பகுதியில் அவை இருக்கின்றன. சிவிங்கிப்புலியும் இங்கே ஓடித் திரிந்ததுதான். அது இந்தியாவில் அற்றுப்போனதாக 1952-ல் அறிவிக்கப்பட்டது. 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து எட்டு சிவிங்கிப்புலிகள் மத்தியப் பிரதேசத்தின் குனோவுக்குக் கொண்டுவரப்பட்டன. ஆகவே ஆப்பிரிக்காவா, நம் ஊரா என்று பிள்ளையைத் தேர்ந்தெடுக்கச் சொல்ல வேண்டாம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

யானையிலிருந்தே தொடங்கலாம். உங்கள் ஊர்த் திருவிழாக்களில் நெற்றிப்பட்டம் கட்டிய கொம்பன்களைப் பார்த்து வளரும் பிள்ளை அவன். புத்தகத்தில் உள்ள ஆப்பிரிக்க யானையின் காதைக் காட்டுங்கள். நம் யானையின் காதைவிட எவ்வளவு பெரியது என்று கேளுங்கள். துதிக்கை நுனியில் அதற்கு இரண்டு விரல் போன்ற முனைகள், நம்முடையதற்கு ஒன்று. ஆப்பிரிக்காவில் பெண் யானைக்கும் பெரும்பாலும் தந்தம் உண்டு. இங்கே ஆணுக்கு மட்டும்தான் நீண்ட தந்தம். பிறகு ஒரு நாள் நெய்யாறு பக்கம் கோட்டூர் காப்புக்காட்டில் உள்ள யானை மறுவாழ்வு மையத்துக்கு அழைத்துப் போங்கள். படத்தில் பார்த்ததை நேரில் சரிபார்க்கும் பிள்ளை கவனிக்கக் கற்றுக்கொள்கிறான். படப் புத்தகத்தால் கிடைக்கும் பெரிய பலன் அதுதான்.

இனி, தேர்வு. 'சி' என்றால் சிங்கம் என்று வெள்ளைப் பின்னணியில் ஒற்றை விலங்கை நிறுத்தும் புத்தகம் இரண்டு வயது வரை போதும். நான்கு வயதில் அந்த விலங்குக்கு ஒரு புல்வெளி வேண்டும். அது எதைத் தின்கிறது, யாரோடு வாழ்கிறது, மழை பொய்த்தால் எங்கே போகிறது என்பது படத்திலேயே தெரிய வேண்டும். தான்சானியாவின் செரங்கெட்டியிலிருந்து கென்யாவின் மசாய் மாரா வரை பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வில்டபீஸ்ட் என்னும் இரலைகள் ஆண்டுதோறும் மழையைத் தொடர்ந்து புல் தேடிச் சுற்றிவருகின்றன. வரிக்குதிரைகளும் கூடவே போகின்றன. இடவப்பாதி, துலாவர்ஷம் என்னும் இரண்டு பருவமழைகளையும் பார்த்து வளரும் பிள்ளைக்கு, மழைக்குப் பின்னால் நடக்கும் ஒரு மந்தையைப் புரியவைப்பது கடினமே இல்லை.

கடையில் புத்தகத்தைப் புரட்டும்போது மூன்றைப் பாருங்கள். முதலாவது, ஆப்பிரிக்கப் புல்வெளியில் புலி நிற்கிறதா? புலி ஆசியாவுக்கு மட்டுமே உரியது. இரண்டாவது, அங்கே மேயும் மானுக்குக் கிளை விட்ட கொம்பு வரைந்திருக்கிறார்களா? அது நம் புள்ளிமானுக்கு உள்ளது. ஆண்டுதோறும் உதிர்ந்து முளைப்பது. ஆப்பிரிக்கச் சமவெளியின் இரலைகளுக்குக் கிளைக்காத, உதிராத கொம்பு, நம் கோடியக்கரை வெளிமானைப் போல. மூன்றாவது, கழுதைப்புலி எப்போதும் திருடனாகவே வருகிறதா? புள்ளிக் கழுதைப்புலி தன் இரையில் பெரும்பகுதியைத் தானே வேட்டையாடுகிறது. கூட்டத்துக்குத் தலைமை பெண்தான். ஒட்டகச்சிவிங்கி நடனமாடும் கதை வேண்டாம் என்று சொல்லவில்லை. கற்பனை வேறு, பிழை வேறு. உண்மை சொல்வதாகக் கூறிக்கொண்டு பிழை சொல்லும் புத்தகத்தைத்தான் தவிர்க்க வேண்டும்.

வேட்டைப் பக்கத்தைத் தள்ளாதீர்கள். பிள்ளைக்கு அது தெரிந்துவிடும். நீங்கள் மறைப்பதாலேயே பயம் கூடும். "சிங்கத்தால் புல் தின்ன முடியாது. அதன் குட்டிக்கும் பசிக்கும். பல தடவை வரிக்குதிரை தப்பித்துவிடும், சில தடவை மாட்டிக்கொள்ளும்" என்று அமைதியான குரலில் சொல்லுங்கள். அவன் வருத்தப்பட்டால் வருத்தப்படட்டும். வரிக்குதிரைக்காக இரங்கும் மனம் அவனிடம் இருப்பது நல்ல செய்தி. ரத்தத்தைப் பெரிதாகக் காட்டும் புத்தகத்தை மட்டும் இன்னும் சில ஆண்டு தள்ளிவையுங்கள்.

இரண்டு புத்தகங்களை உறுதியாகப் பரிந்துரைப்பேன். ஒன்று, அமெரிக்க ஓவியர் ஜெர்ரி பிங்க்னியின் 'தி லயன் அண்ட் தி மவுஸ்' (2009). நாம் எல்லோரும் கேட்டு வளர்ந்த சிங்கமும் எலியும் கதையைச் செரங்கெட்டிப் புல்வெளியில் வைத்து வரைந்திருக்கிறார். படப் புத்தகங்களுக்கான கால்டிகாட் பதக்கத்தை 2010-ல் பெற்றது. விலங்குகளின் ஒலிகளைத் தவிர அதில் எழுத்தே கிடையாது. கதையை நீங்களே தமிழில் சொல்லலாம், ஆச்சியும் சொல்லலாம்.

இன்னொன்று 'ஓவன் அண்ட் எம்ஸே', புகைப்படங்களால் ஆன உண்மைக் கதை. நம் கடற்கரைகளை அழித்த அதே 2004 டிசம்பர் சுனாமியின்போது, கென்யாவின் மாலிந்தி அருகே ஒரு நீர்யானைக் குட்டி கூட்டத்தைப் பிரிந்து கடலோரம் தவித்தது. மீட்டு மொம்பாசா அருகில் ஹாலர் பூங்காவில் விட்டார்கள். அங்கிருந்த சுமார் 130 வயது ராட்சத ஆமை எம்ஸேயிடம் குட்டி ஓவன் ஒட்டிக்கொண்டது. படித்த வாரமே உங்கள் மிருகக்காட்சிசாலைக்குப் போய் நீர்யானையைக் காட்டுங்கள். திங்கட்கிழமை விடுமுறை என்பது நினைவிருக்கட்டும். பகலெல்லாம் நீரில் கிடக்கும் இந்தப் பெரிய உடம்பு, காட்டில் இரவில் கரையேறிப் புல் மேயும் என்று அங்கே நின்று சொன்னால் அவன் மறக்க மாட்டான்.

மொழி பற்றிக் கவலை வேண்டாம். எழுத்து ஆங்கிலத்தில் இருந்தாலும் வரிக்கு வரி மொழிபெயர்க்காதீர்கள். படத்தைப் பார்த்து, வீட்டில் பேசுகிற தமிழில் கதையாகச் சொல்லுங்கள். துலிகா பதிப்பகம் தமிழ்–ஆங்கிலம், மலையாளம்–ஆங்கிலம் என இருமொழிப் புத்தகங்கள் வெளியிடுகிறது. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழிலும் மலையாளத்திலும் கதைகளை இலவசமாகப் படிக்கலாம். ஆப்பிரிக்கப் பிள்ளைகளுக்காக அங்கேயே உருவான ஆப்பிரிக்கன் ஸ்டோரிபுக் கதைகளும் அதில் இருக்கின்றன. அவற்றைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். சிங்கமும் யானையும் மட்டும் வாழும் வெற்று நிலமாகவே ஆப்பிரிக்கா பல புத்தகங்களில் வருகிறது. அங்கே பள்ளிக்கூடம் போகிற, பாட்டியிடம் கதை கேட்கிற, தன் வயதுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்பதை உங்கள் மகன் இந்த வயதிலேயே அறிய வேண்டும்.