பழைய சக்கரம் வாங்குவோர் கவனத்திற்கு: காற்றழுத்த சென்சார் பொருந்துமா?

சரக்கின் தரம் பார்க்கும் நாம், அதைச் சுமந்து வரும் வண்டியின் சக்கரத்தை அவ்வளவாகப் பார்ப்பதில்லை. நாங்களும் அப்படி இருந்தவர்கள்தாம். அதனால் பட்டதையும், பட்டபின் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறோம்.

கள்ளக்குறிச்சியில் உள்ள எங்கள் மண்டிக்குப் புளியும் கடுக்காயும் கல்வராயன் மலையிலிருந்து வருகின்றன. மாசி, பங்குனியில் எங்கள் பிக்-அப் வண்டி கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்கு வாரம் மூன்று நடை போகும். டயரில் காற்று குறைந்தால் ஒலி எழுப்பும் சென்சார் கருவியை அந்த வண்டிக்கு வெளியில் வாங்கிப் பொருத்தியிருந்தோம். நான்கு சக்கரத்துக்குள்ளும் ஒவ்வொரு சென்சார். டிரைவர் முன்னால் எண் காட்டும் சிறு பெட்டி.

ரிம்கள் நெளிந்துபோகவே, பழைய சக்கரங்கள் நான்கை டயரோடு வாங்கினோம். “உள்ளே சென்சார் இருக்குங்க, மாட்டினா தானா காட்டும்” என்றார் விற்றவர். போல்ட் துளை பொருந்தியது, விலையும் பொருந்தியது. நெளிந்த சக்கரங்களை அவரிடமே கழிவுக்குத் தள்ளிவிட்டோம். எங்கள் சென்சார்கள் நான்கும் அவற்றோடு போய்விட்டது பிறகுதான் உறைத்தது.

பெட்டியில் எண் வரவில்லை. “அய்யா, வெறும் கோடா காட்டுதுங்க” என்று டிரைவர் அன்றே சொன்னார். “சீசன் முடியட்டும் தம்பி, பார்த்துக்கலாம்” என்றது நாங்கள்தான். பத்து நாளில், லோடோடு மலை இறங்கும்போது ஒரு வளைவில் பின்பக்க டயர் கிழிந்தது. ஆணி ஏறி மெல்லக் கசிந்திருக்கிறது. பெட்டி மௌனமாக இருந்தது. வண்டி பாறைப் பக்கம் சாய்ந்து நின்றதால் டிரைவர் தோளில் அடியோடு பிழைத்தார். பள்ளம் இருந்தது மறுபக்கம்.

சென்சார் இருந்தும் ஏன் பேசவில்லை? இது சிறிய வானொலி போன்றது. ஒலிபரப்பும் அலைவரிசையும் கேட்கும் அலைவரிசையும் ஒன்றாக இருக்க வேண்டும். அமெரிக்க வண்டிகளில் பெரும்பாலும் 315 மெகாஹெர்ட்ஸ். ஐரோப்பாவிலும் நம் நாட்டிலும் 433 மெகாஹெர்ட்ஸ். அலைவரிசை ஒன்றானாலும் போதாது. ஒவ்வொரு கம்பெனியும் செய்தியை அனுப்பும் முறை வேறு. அத்துடன் ஒவ்வொரு சென்சாருக்கும் தனி எண் உண்டு. அந்த எண்ணை வண்டியின் கருவியில் பதிவு செய்தால்தான் அது ஏற்கும். பதியாத சென்சார், நம் பேரேட்டில் கணக்கில்லாத ஆளின் சீட்டு மாதிரி; வந்தாலும் வரவு வைக்க மாட்டோம். சில கருவிகள் மாற்றுக் கம்பெனி சென்சாரைப் பதியவே விடா.

அடுத்தது பேட்டரி. உள்ளே பொருத்தும் சென்சார்கள் பெரும்பாலானவற்றில் பேட்டரி அடைத்து மூடப்பட்டிருக்கும், மாற்ற முடியாது. ஆயுள் சுமார் 5 முதல் 10 ஆண்டுகள். பழைய சக்கரத்தில் எத்தனை ஆண்டு ஓடியதோ யார் கண்டது? டயரின் பக்கத்தில் உள்ள நான்கு இலக்கம் ஓரளவு துப்புத் தரும்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம் செய்தது. ஆனால் டயர் புதிதாகவும் சென்சார் கிழடாகவும் இருக்கலாம்.

லாரி வைத்திருப்போர் இன்னொன்றும் பார்க்க வேண்டும். கார்களுக்கான சென்சார்கள் பல, 100 பி.எஸ்.ஐ.க்கு மேல் காற்றடிக்கும் லாரி டயரை அளக்கச் செய்தவை அல்ல. வால்வு மேல் திருகும் மூடி வகை சென்சாரை ரப்பர் வால்வில் மாட்டினால், சுழலும்போது அதன் எடை வால்வை ஆட்டி அடியில் வெடிக்க வைக்கும். அதற்கு உலோக வால்வே தக்கது.

வாங்குமுன் சோதிக்க வழி உண்டு. பெரிய டயர் கடைகளில் சென்சாரை எழுப்பிப் படிக்கும் கைக்கருவி இருக்கிறது. அலைவரிசை, எண், பல சென்சார்களில் பேட்டரி நிலையும் தெரிந்துவிடும். அதன்பின் விலை பேசுங்கள். எங்களைப் போலப் பேசிவிட்டுச் சோதிக்காதீர்கள். கையிலுள்ள சென்சார் நன்றாக இருந்தால், ரிம்மும் இடம் கொடுத்தால், அதையே கழற்றிப் புதிதாக வாங்கிய சக்கரத்தில் வைக்கச் சொல்வது சிக்கனம். வால்வின் ரப்பர் வாஷரை மாற்றிக்கொள்ள வேண்டும்.

கம்பெனியிலேயே சென்சார் பொருத்தி வரும் வண்டிகள் பலவற்றில், விளக்கு சுமார் ஒரு நிமிடம் சிமிட்டிவிட்டு நிலையாக எரிந்தால் சென்சாரில் கோளாறு; சிமிட்டாமல் எரிந்தால் காற்று குறைவு. இரண்டையும் ஒன்றாக எண்ணி டிரைவர்கள் விளக்கின் மேல் டேப் ஒட்டிவிடுகிறார்கள்.

அமெரிக்காவில் 2007 செப்டம்பர் முதல் புதிய இலகு வாகனங்களுக்கும், ஐரோப்பாவில் 2014 நவம்பர் முதல் புதிய கார்களுக்கும் இக்கருவி கட்டாயமாயிற்று. இங்கும் சென்சாரோடு வரும் வண்டிகள் பெருகுகின்றன. அவற்றின் சக்கரங்கள் பழைய சாமான் கடைக்கும் வரத்தான் செய்யும்.

இப்போது எங்கள் வண்டி கச்சிராயபாளையம் புறப்படும் முன், டயர் சூடாகாத நேரத்தில், கையளவு கேஜ் வைத்து டிரைவர் ஐந்து டயரும் பார்க்கிறார். இறக்கத்தில் பிரேக் சூட்டால் அழுத்தம் கூடிக் கசிவை மறைக்கும் என்பதால் மலையடிவாரத்தில் எடுத்த அளவை நம்புவதில்லை. ஐந்தாவது ஸ்டெப்னி. அதில் சென்சார் இல்லை. அதை மாட்டிய அன்று பெட்டி அந்தச் சக்கரத்துக்குக் கோடுதான் காட்டும் என்று டிரைவரிடமும் கிளீனரிடமும் சொல்லி வைத்திருக்கிறோம்.