நரம்பணுவைக் கண்ட வரலாறு

நரம்பு என்னுஞ் சொல் நம் பண்டை நூல்களில் உடம்பிற் புடைத்துத் தோன்றுவனவற்றைக் குறிக்கும். யாழின் தந்தியையும் குறிக்கும். யாழ் நரம்புகள் ஒன்றோடொன்று ஒட்டாது தனித்தனியே நின்றே ஓரிசையைப் பிறப்பிக்கின்றன. உணர்ச்சியைச் சுமக்கும் நம் உடல் நரம்புகளும் அவ்வாறு தனித்து நிற்பனவோ, அன்றி வலைபோல் ஒன்றாய்க் கலந்து கிடப்பனவோ என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்த பெருவழக்கு. அதன் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

1837-ம் ஆண்டில் புர்க்கினே என்னும் செக் நாட்டறிஞர் சிறுமூளையிற் குடுவை போன்ற பெரிய அணுக்கள் உளவென வெளியிட்டார். பின்னர் ஜெர்மானியராகிய டைட்டர்ஸ், ஓர் அணுவிலிருந்து கிளைத்துச் செல்லும் குறுங்கைகள் பலவும் நீண்ட நார் ஒன்றும் புறப்படுதலைக் கண்டார். அவர் இளமையிலேயே 1863-ல் இறந்தமையின், அவர் நூல் 1865-ல்தான் வெளிவந்தது. ஆயினும் அக்கைகளும் நாரும் எங்கே முடிகின்றன என்பதை எவரும் கண்டிலர். நுனி காணப்படாமையின், அவை யாவும் தம்முட் கலந்து ஒரே வலையாகின்றன என்று கெர்லாக் என்பவர் உரைத்தார், பலரும் உடன்பட்டனர். பாளையங்காலும் கோடகன் காலும் தாமிரவருணி நீரைக் குளத்துக்குக் குளம் இடையறாது கொண்டு செல்லுதல் போல, உணர்ச்சியும் எங்கும் அறாத ஒரே வழியிற் பாய்கின்றது என்பது அவர்தம் கொள்கை.

அக்காலத்தே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் டாக்டர் சாமுவேல் கிறீன் என்னும் அமெரிக்க மிஷன் வைத்தியர், மாணாக்கர்க்குத் தமிழிலேயே வைத்தியங் கற்பித்து வந்தார். 1872-ல் 'மனுஷ அங்காதிபாதம்' என்னும் உடற்கூற்று நூலையும் தமிழில் வெளியிட்டார். மறு ஆண்டில் அவர் யாழ்ப்பாணத்தை விட்டு நீங்கினார். தமிழர் தம் மொழியில் உடற்கூறு பயிலத் தொடங்கிய அந்நாளிலும், நரம்பணு ஒன்றை அடி முதல் நுனி வரை முழுதாகக் கண்டவர் உலகில் எவருமிலர்.

அக்காட்சி 1873-ல் இத்தாலியிற் கிடைத்தது. அபியாத்தெகிராசோ என்னுஞ் சிற்றூர் மருத்துவசாலையில் வைத்தியராயிருந்த காமில்லோ கொல்ஜி, அங்குள்ள அடுக்களை ஒன்றையே ஆய்வுக்கூடமாக்கிக் கொண்டார். பொட்டாசியம் டைகுரோமேட்டில் ஊறிய மூளைத்துண்டை வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் இட்டார். மஞ்சள் நிறப் பரப்பில் இரண்டொரு அணுக்கள் மாத்திரம் முற்றுங் கறுத்து நின்றன. யாவுங் கறுத்திருப்பின் ஒன்றும் விளங்கியிராது. நம் ஜில்லாவின் உடைமரக் காடுகளிற் கிளையோடு கிளை பின்னிக் கிடக்கின்றது; அவற்றுள் ஒரு மரத்துக்கு மட்டும் வேர் முதற் கொழுந்து வரை மை பூசினால் அதன் வடிவு தனித்துப் புலப்படுமன்றோ? அவ்வாறே இதுவும் என்க. எனினும் கொல்ஜி தாம் கண்ட நார்களின் கிளைகள் இறுதியில் வலையாய்க் கலக்கின்றன என்றே துணிந்தார்.

1887-ல் மாத்ரித் நகரில், சிமாரோ என்பவரிடம் இச்சாயமிட்ட சீவல்களைக் கண்டு வியந்தார் ரமோன் கஹால் என்னும் ஸ்பானியர். அவர் வெள்ளிச் சாயத்தை இருமுறை ஏற்றினார்; கருவிலுள்ள உயிர்களையும் இளங்குஞ்சுகளையும் தேர்ந்தார். கொழுப்புறை படியாத இளநரம்பிற் சாயம் நன்கு பற்றும். நெருங்கி வளர்ந்த பயிரினும் நாற்றில் வேரைக் காண்டல் எளிதன்றோ? 1888-ல் தம் கைப்பொருள் கொண்டு ஒரு சஞ்சிகை அச்சிட்டு, பறவைச் சிறுமூளையிற் கண்டதை வெளியிட்டார். நார்களின் நுனிகள் புர்க்கினே அணுவைக் கூடை போற் சூழ்கின்றன, அணுகுகின்றன, ஆனால் கலந்தில. எவரும் பொருட்படுத்தாமை கண்டு, மறு ஆண்டில் அச்சீவல்களுடன் பெர்லின் மாநகரத்து உடற்கூற்று அறிஞர் கூட்டத்துக்குச் சென்றார். முதியவராகிய கோலிக்கர் நுண்ணோக்கியிற் கண்டு தெளிந்தார். 1891-ல் வால்டேயர் இத்தனியணுவுக்கு 'நியூரான்' எனப் பெயரிட்டார்.

1906-ல் நோபெல் பரிசு கொல்ஜிக்கும் கஹாலுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. கொல்ஜி தம் பேருரையில் தனியணுக் கொள்கையை மறுத்தார். மறுநாட் பேசிய கஹால் அதனையே நிலைநாட்டினார். ஒரே சாயம், ஒரே காட்சி, இரண்டு பொருள். தொல்காப்பியச் சூத்திரம் ஒன்றற்கு இளம்பூரணர் ஒன்றும் நச்சினார்க்கினியர் வேறொன்றும் உரைக்கக் கண்ட நமக்கு இது புதிதன்று. எனினும் இவ்வழக்கு 1950-களில் எலக்ட்ரான் நுண்ணோக்கியால் தீர்ந்தது. அணுக்கள் நெருங்குமிடத்தே, ஒரு மில்லிமீட்டரை ஐம்பதாயிரம் கூறிட்ட ஒரு கூறளவு இடைவெளி காணப்பட்டது. கஹால் கூறியதே பெரும்பான்மையும் மெய்யாயிற்று. சிற்சில இடங்களில் அணுக்கள் நேரே இணைந்துள்ளமையும் பின்னர்ப் புலனாயிற்று.

மூளையைச் சீவிச் சாயமிட்டுக் காணும் முயற்சி இன்று நம் நாட்டிலும் நடைபெறுகின்றது. சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையத்தார், கருவில் வளரும் மனித மூளையின் 5,132 சீவல்களைப் படமாக்கி, 2024 டிசம்பரில் 'தரணி' என்னும் பெயரால் உலகத்தார்க்கு அளித்தனர். கஹால் நாடிய இளமைப் பருவமே இங்கும் ஆராயப்படுதல் நோக்கத்தக்கது.

கொல்ஜி இல்லையேல் கஹாலுக்குக் கருவியில்லை. ஆயினும் கருவியை அளித்தவரே நுனியைக் காணாதொழிந்தார். வலை உண்டென்று முன்னரே துணிந்த உள்ளம் கண்ணை மறைத்தது. இலக்கியம் பயிலும் நாமும் இதனின் விலக்கப்பட்டவரல்லேம். பாட்டைப் பயிலுமுன்னரே அதன் கருத்து இன்னதென முடிவு செய்து கொண்டு, அம்முடிவையே அதனுட் கண்டு மகிழும் நாட்கள் நமக்கும் உண்டு. சொல்லின் நுனி வரை சென்று பார்த்தபின் பொருள் கூறும் பொறுமை வேண்டும். யாழின் நரம்பு எதுவென அறிய அதனைத் தனித்தே தெறித்தல் வேண்டும். அதன்பின் இசை தானே புலனாகும்.