சிவப்பு கவுன் கோப்பை வாங்கித் தருமா?

பால்ரூம் நடனப் போட்டிகளில் பெரும்பெயர் பெற்றது, இங்கிலாந்தின் பிளாக்பூல் நகரில் 1920-இல் தொடங்கிய நடன விழா. இத்தகைய போட்டிகளின் முதல் சுற்றுகளில் பல ஜோடிகள் ஒரே தளத்தில் சேர்ந்து ஆடுவார்கள். ஒரு நடனம் ஒன்றரை, இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். அதற்குள் நடுவர் கண்ணில் பட்டாக வேண்டும் என்ற பதற்றத்தில்தான் கவுன் நிறம் பற்றிய நம்பிக்கைகள் முளைக்கின்றன.

நம்பிக்கை: சிவப்பு போட்டால் ஜெயிக்கலாம்.

உண்மை: 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் சிவப்பு உடையில் இறங்கியவர்கள் சற்றுக் கூடுதலாக வென்றதாக, 2005-இல் ‘நேச்சர்’ இதழில் ஓர் ஆய்வு வந்தது. அது குத்துச்சண்டை, டேக்வாண்டோ, மல்யுத்தம் பற்றியது. அங்கே ஒருவருக்குச் சிவப்பு, எதிராளிக்கு நீலம். நடனத் தளத்தில் நான்கு பெண்கள் சிவப்பில் வந்துவிட்டால் நால்வருமே தனித்துத் தெரிய மாட்டார்கள். நடுவர் குறித்துக்கொள்வதும் ஆணின் முதுகில் குத்தியிருக்கும் எண்ணைத்தான்.

நம்பிக்கை: கறுப்பு ஒல்லியாகக் காட்டும், எப்போதும் பாதுகாப்பான நிறம்.

உண்மை: அதிகம் பேரைக் கெடுப்பது இந்த நம்பிக்கைதான். வால்ட்ஸ், ஃபாக்ஸ்ட்ராட், குயிக்ஸ்டெப் ஆடும்போது ஆண் அணிவது பெரும்பாலும் கறுப்பு அல்லது கருநீல டெயில் சூட். இருவரும் நெருங்கி நின்று ஆடும் நடனங்கள் இவை. உங்கள் இடது கை அவருடைய வலது மேற்கையின் மீது படிந்திருக்கும். இரண்டு சட்டைக்கைகளும் கறுப்பாக இருந்தால், தளத்தின் மறுகரையில் நிற்கும் நடுவருக்கு உங்கள் கையே தெரியாது. இடுப்புக்கு மேல் முதுகு வளையும் அழகும் அந்தக் கறுப்பிலேயே கரைந்துபோகும். பளிச்சென்ற நிறம் அந்த வளைவைக் காட்டிக்கொடுக்கும். முழங்கை தொங்கினால் அதையும் சேர்த்தே காட்டும். ஆகவே முதலில் பிடியைச் சரிசெய்யுங்கள். கறுப்புதான் வேண்டுமென்றால், சட்டைக்கை விளிம்பிலும் முதுகிலும் கற்கள் பதித்துக்கொள்ளுங்கள். ரம்பா, சாச்சா போன்ற லத்தீன் நடனங்களில் உடல்கள் விலகியே ஆடுவதால் அங்கே கறுப்பால் இவ்வளவு கெடுதல் இல்லை.

நம்பிக்கை: கறுத்த தோலுக்குப் பளிச் நிறம் ஆகாது.

உண்மை: நம் வீடுகளில் பெண் பிள்ளைகளிடம் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் பொய் இது. அதை நடனத் தளத்துக்கும் சுமந்து செல்லாதீர்கள். மாநிறத்திலும் கருநிறத்திலும் மஞ்சளும் மயில் நீலமும் ராணி பிங்க்கும் அள்ளிக்கொண்டு போகும். தயங்க வேண்டியது சந்தனம், பழுப்பு போன்ற நிறங்களுக்குத்தான். மரத்தளத்தின் நிறமும் அதுவே என்பதால் பாவாடை வீச்சு தரையோடு கலந்துவிடும்.

நம்பிக்கை: கடையில் பார்த்த நிறம்தான் அரங்கிலும் தெரியும்.

உண்மை: மஞ்சள் விளக்கில் நீலமும் ஊதாவும் மங்கும். நீல விளக்கு மட்டும் விழுந்தால் சிவப்பு கறுத்துப்போகும். 1935-இல் வந்த ‘டாப் ஹாட்’ படத்தில் ஜிஞ்சர் ரோஜர்ஸ் அணிந்த இறகு கவுன் நீல நிறம்; கறுப்பு வெள்ளைப் படத்தில் அது வெண்மையாகவே தெரிகிறது.

எனவே தையலுக்குக் கொடுக்கும் முன் அந்தத் துணியில் ஒரு மீட்டர் மட்டும் வாங்குங்கள். ஜோடியின் கோட்டுக் கையில் அதைப் போர்த்தி, மரத்தளம் உள்ள அரங்கில் விளக்குகளைப் போட்டு, எதிர்க்கோடியில் நின்று பாருங்கள். அங்கிருந்து பார்த்தும் துணி தனியாகத் தெரிந்தால் தைக்கக் கொடுங்கள்.